டேங்கு வாயில் வெள்ளை

இந்த சீட்டு காலிதானே அக்கா? யாரும் துண்டு போட்டு வைக்கலையே? சரி, சரி. அட, ஜன்னலோரத்தை எனக்கு விட்டுட்டு நீங்க இந்தப் பக்கம் நகர்றீங்களே, ஏன்? அங்க வெயிலடிக்குதா? கம்பி கிம்பி குத்துதா? சும்மாவா? சும்மா யாரு அக்கா ஜன்னலோரத்தை விட்டுக் குடுப்பாங்க இந்தக் காலத்துல! தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குச் சந்தேக புத்தின்னு எங்க ஊருல ஒரு பேச்சு இருக்கு. ஊருல சொல்றாங்க, நான் சொல்லல.

பழனிதான் போறேன். ஒட்டன்சத்திரத்துல இருந்து எவ்வளவு நேரமாகும், முக்கா மணி நேரமா? அதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம். உங்களப் பாத்தா வெளியூரு மாதிரி இருக்கு, அதான் சொல்றேன். உள்ளூர்க்காரங்ககிட்ட இதச் சொன்னா நாளைக்கே சந்தைக்குப் போயிரும்.

எங்க வீட்டுக்காரரு லோடு வண்டி வச்சிருக்காரு. பேரச் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லும், ஆனா கதைக்கு வேணுமில்ல, நாச்சிமுத்து. தோட்டந்தோட்டமாப் போயி முருங்கையும் வெங்காயமும் ஏத்திட்டு வந்து மார்க்கெட்டுல எறக்கிவிடுவாரு. காலையில ஏழு மணிக்குப் போனா மூணு மணிக்கு வருவாரு. குடி கெடையாது. பீடி கெடையாது. அதிர்ந்து பேச மாட்டாரு. ஊரே சொல்லும், வசந்தாமணிக்கு வாச்ச மாப்பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும்னு. வசந்தாமணி நாந்தான். எனக்கு அப்பவே ஒரு நெனப்பு, ஒரு கெட்ட பழக்கம்கூட இல்லாத ஆம்பளை உண்டா? எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காருன்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

போன ஆடிப்பெருக்குக்குத்தான் எல்லாம் ஆரம்பம். பரப்பலாறு அணைக்குக் கூட்டிட்டுப் போனாரு. வர்ற வழியில பங்க்குல டீசல் போட்டாரு, வாய் வழிய. நான் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். மீட்டர்ல முள்ளு ஏறி உச்சியில நிக்குது, என் கண்ணால பாத்தேன். அன்னைக்கு எனக்குப் பல்லு வலி. மாத்திரையைப் போட்டுட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்தவதான், காலையில பால்காரரு மணியடிச்சப்பத்தான் முழிச்சேன். அன்னைக்கு ரேஷன் கடைக்குப் போகணும்னு வண்டியில ஏறி உக்காந்தேன். சாவியைத் திருப்புறாரு. முள்ளு பாதியில நிக்குது.

பாதியில, அக்கா! உச்சியில இருந்தது பாதிக்கு வந்திருக்கு. வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. அப்ப பாதி டேங்கு டீசலு எங்க போச்சு? நான் மாத்திரை போட்டுத் தூங்கினேன் பாருங்க, அந்த நேரத்துல வண்டி எங்கயோ போயிட்டு வந்திருக்கு. வேற என்ன அர்த்தம்?

“என்னங்க, டீசல் கொறைஞ்சிருக்கே?”ன்னு சாதாரணமாக் கேக்குற மாதிரி கேட்டேன்.

“முள்ளு கோளாறு”ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. அதுக்கப்புறம் ஆரன் அடிச்சாரு, எதுக்க ஆளே இல்ல.

முள்ளு கோளாறாம்! நேத்து வரைக்கும் நல்லா இருந்த முள்ளுக்கு நான் தூங்கின அன்னைக்குன்னு பாத்துக் கோளாறு வருமா? நெருப்பில்லாம புகையுமா? நான் ஒண்ணும் பேசல. பேசினா உஷாராயிருவாரு. ரேஷன் கடையில அரிசியை வாங்கிட்டு, பேசாம வந்துட்டேன். ஆனா மனசுக்குள்ள கெடந்து அரிக்குது.

மீட்டரை நம்பக்கூடாது, அவரையும் நம்பக்கூடாது. அப்ப டேங்கையேதான் கேக்கணும். இதுதான் நான் எடுத்த முடிவு.

எங்க வண்டிக்கு டேங்கு வெளியில, பக்கவாட்டுல இருக்கும். வாயி நேரா மேல பாத்து இருக்கும். வாயில ஒரு சல்லடை இருந்துச்சு, அது என்னைக்கோ ஓட்டை விழுந்து தூக்கிப் போட்டாச்சு. மூடிக்குத் தனிச் சாவி, காலண்டரு ஆணியில தொங்கும். காலையில அஞ்சரைக்கு நான் எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போடுவேன். வண்டி வாசல்லதான் நிக்கும். ஒரு கையில வெளக்கமாறு, ஒரு கையில கோலமாவுக் கிண்ணம். பாருங்க, கடவுளே எடுத்துக் கையில குடுத்த மாதிரி! வெளக்கமாத்துல இருந்து நீளமா ஒரு ஈக்குச்சியை உருவினேன். டேங்கு மூடியைத் தொறந்து உள்ள விட்டு எடுத்துப் பாத்தேன். டீசல் எதுவரைக்கும் நனைஞ்சிருக்குன்னு கண்ணுக்குச் சரியாத் தெரியல. உடனே ஈக்குச்சி மேல கோலமாவை நல்லா உருவித் தேச்சேன். இப்ப விட்டு எடுத்தா, நனைஞ்ச வரைக்கும் கருப்பா, நனையாத எடம் வெள்ளையா, கோடு போட்ட மாதிரி தெரியுது. அந்தக் கோட்டுல நகத்தால ஒரு கீறல். அந்தக் குச்சியை அடுப்பங்கரையில உத்தரத்துல செருகி வச்சிருவேன். மறுநாள் வேற குச்சி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா விஷயம் தெரிஞ்சிரும்.

எம் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன் அக்கா. மெக்கானிக்கெல்லாம் தோத்தான்.

கொறைஞ்சுதான்னா, கொறைஞ்சுது. தெனமும் கொறைஞ்சுது. வண்டி ஓடினா டீசல் கொறையத்தானே செய்யும்னு கேக்குறீங்களா? அது எனக்குத் தெரியாதா? ஆனா எவ்வளவு கொறையணும்னு எனக்கு எப்படித் தெரியும்? கொறையுது, அது போதாதா ஒருத்தி மனசு பதறுறதுக்கு. அப்புறம் திடீர்னு ஒரு நாளு கீறல் மேல ஏறிரும். அவரு டீசல் போட்டுருப்பாரு. அன்னைக்கு அதவிடப் பதறும். ஏறுதே, எதுக்கு இவ்வளவு ஊத்தி வச்சிருக்காரு, எங்க போகப்போறாருன்னு.

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்துச்சு. அப்பத்தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. மத்தியானம் வீட்டுக்கு வர்றாரு, நெத்தியில துன்னூறு.

உங்களுக்கு இது பெருசாத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு சாமி கும்புடாத மனுசன். கோயிலுக்குப் போனா வெளிய நின்னு எல்லாரு செருப்புக்கும் காவல் இருப்பாரு. போன சித்திரையில தாராபுரம் ரோட்டுல ஒரு லாரிக்காரன் இவரு வண்டியை உரசிட்டுப் போயிட்டான். கதவு மட்டும்தான் நசுங்குச்சு, ஆளு தப்பிச்சாரு. அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். “கெளம்புறப்ப ஒரு தடவை துன்னூறு வச்சுட்டுப் போங்களேன், உங்க காலுல விழுறேன்”னு கெஞ்சினேன். “போடி, வண்டியை நான் ஓட்டுறேன், சாமியா ஓட்டுது?”ன்னுட்டுப் போயிட்டாரு. கட்டினவ அழுது கேட்டதுக்கு மசியாத மனுசன். இப்ப தெனமும் நெத்தியில ஒரு கோடு. வேர்வையில பாதி கலைஞ்சு, பாதி ஒட்டிக்கிட்டு.

எந்தக் கோயிலு? யாரு பூசிவிட்டது? நான் சொல்லிக் கேக்காதவரு வேற யாரு சொல்லிக் கேக்குறாரு?

சோறு போடுறப்ப மெதுவாக் கேட்டேன். “என்னங்க, நெத்தியில துன்னூறெல்லாம்? எந்தக் கோயிலு?”

அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? சிரிச்சாரு. கல்யாணத்துல சிரிச்ச மாதிரி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. “உனக்குத் தெரியாததா?”ன்னாரு. சொல்லிட்டுச் சோத்தைப் பெசைஞ்சாரு.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. உனக்குத் தெரியாததாவா! அப்ப எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும்! தெரிஞ்சும் பயமில்ல! ரசத்தை ஊத்தினேன், பாதி தட்டுக்கு வெளிய போச்சு.

அதுல இருந்து அவரு வாயில வர்ற ஒவ்வொரு வார்த்தையையும் புடிச்சு வச்சுக்குவேன். ஒரு நாளு பேச்சுவாக்குல, “கள்ளிமந்தயத்துல தவமணி கடை டீயைக் குடிச்சா அந்த நாளு பூரா தெம்பா இருக்கும்”னாரு. தவமணி! பேரோட சொல்றாரு பாருங்க. மறுநாளே பஸ் ஏறிட்டேன். போயி எறங்கி, கடையைக் கண்டுபுடிச்சு, ஒரு டீ சொல்லிட்டு உக்காந்தேன். தவமணிக்கு வயசு அறுபத்தஞ்சு இருக்கும். பல்லு பாதி இல்ல. “என்ன கண்ணு, வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணியக் குடி”ன்னு செம்பை நீட்டுச்சு. டீ நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

மனசு ஆறிருக்கணும், இல்ல? ஆறலையே. பஸ்ல திரும்பி வர்றப்ப தோணுது, அந்தம்மாவுக்கு ஒரு மக இருக்கணுமில்ல?

சிரிக்காதீங்க அக்கா. அன்னைக்கு எனக்கு அது சிரிப்பா இல்ல.

ஐப்பசியில இன்னும் முத்திருச்சு. மூணு மணிக்கு வர்றவரு அஞ்சு மணிக்கு வர்றாரு, ஆறு மணிக்கு வர்றாரு. கேட்டா, “வண்டி இழுக்கல மணி. மேட்டுல ஏறுறப்ப மூச்சு வாங்குது, ரெண்டு எடத்துல நின்னே போச்சு”ம்பாரு. என்னை மணின்னுதான் கூப்புடுவாரு. நல்லா ஓடிட்டிருந்த வண்டி, திடீர்னு இழுக்கலையாம். சட்டையெல்லாம் கருப்புக் கறை. வண்டிக்கு அடியில படுத்தேங்கிறாரு. நான் என்ன செய்வேன்? காலையில ஒரு குச்சிக்கு ரெண்டு குச்சியா விட்டுப் பாத்தேன். மாவையும் தாராளமாத் தேச்சேன், கோடு பளிச்சுன்னு விழணும்ல. கீறல் போட்டதைத் திரும்ப விட்டுச் சரிபாக்குற அவசரத்துல சில குச்சி கைநழுவி உள்ளயே போயிரும். சிலது பாதியில முறிஞ்சிரும். போனாப் போகுது, ஈக்குச்சிதானே, டீசல்ல ஊறிக் கரைஞ்சிரும்னு மூடியைப் போட்டுட்டுக் கோலத்தை முடிக்கப் போயிருவேன்.

கார்த்திகை மொத வாரம், ஒரு ஞாயித்துக்கெழமை. அவரு சொல்றாரு, “மணி, மீட்டர் முள்ளு இப்ப சுத்தமாவே அசையல. எவ்வளவு டீசல் இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. சிக்கந்தர் பாய்கிட்ட விட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்.”

சிக்கந்தர் பாய்னா பைபாஸ்ல பட்டறை வச்சிருக்கவரு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே ரெண்டு பேரும் சிநேகிதம். எனக்கு மூளையில பளிச்சுன்னு வெட்டுச்சு. ஓகோ! சிநேகிதனை விட்டு முள்ளை உச்சியிலயே நிறுத்தி வைக்கச் சொல்லப் போறாரு. அப்புறம் எங்க போயிட்டு வந்தாலும் முள்ளு கொறையாது. எப்படி ஏற்பாடு!

“நானும் வர்றேன்”னேன்.

“நீ எதுக்கு அங்க, ஒரே கிரீசும் பொகையும்.”

“நான் பட்டறையே பாத்ததில்லைங்க”ன்னுட்டு ஏறி உக்காந்துட்டேன்.

சிக்கந்தர் பாய் தங்கமான மனுசன், அத இப்பச் சொல்றேன். அன்னைக்கு எனக்கு அவரும் கூட்டுக் களவாணியாத்தான் தெரிஞ்சாரு. “வாம்மா தங்கச்சி”ன்னு ஸ்டூலைத் தொடச்சுப் போட்டாரு. ஒரு லாரி டிரைவரு வேற அங்க டீ குடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் உக்காரல. வண்டிக்குப் பக்கத்துலயே போயி நின்னுக்கிட்டேன்.

பாய் சாவியைத் திருப்பினாரு. முள்ளு அடியிலயே கெடந்துச்சு. அப்புறம் டேங்குக்கு மேல ஒரு ஒயரு வருது பாருங்க, அதைக் கழட்டி வண்டி பாடியில வச்சுத் தொட்டாரு. முள்ளு சர்ருன்னு ஏறி உச்சிக்குப் போச்சு. எடுத்தாரு, விழுந்துச்சு. தொட்டாரு, ஏறுச்சு.

“மீட்டரும் சரி, ஒயரும் சரி. கோளாறு டேங்குப் பக்கம்தான்”னாரு.

எனக்குப் பொறுக்கல. “பாய், நீங்க தொட்டா ஏறுது, எடுத்தா எறங்குது. அப்ப நெனச்ச மாதிரி ஏத்தலாம் எறக்கலாம்னுதானே அர்த்தம்?”னு கேட்டுட்டேன்.

பாய் அவரைப் பாத்தாரு. அவரு தரையைப் பாத்தாரு.

“அப்படி இல்லம்மா. டேங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு, புளோட்டும்போம். டீசல் மேல மெதந்துக்கிட்டு, ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும். அது சொல்றதைத்தான் இந்த முள்ளு காட்டும். நடுவுல எங்கயோ பேச்சு அறுந்திருக்கு”ன்னு சொல்லிட்டு, டேங்கு மேல திருகியிருந்த ஒரு போல்ட்டைக் காட்டினாரு. மண்ணும் துருவுமா அப்பிக் கெடந்துச்சு. “இது எர்த்து. துருப்புடிச்சா முள்ளு உள்ளதைவிடக் கம்மியாக் காட்டும். ஒரு நேரம் சரியாக் காட்டும், ஒரு நேரம் படக்குன்னு பாதிக்கு விழும். எப்ப இருந்து இப்படி?”

“ஆடிப்பெருக்குல இருந்து”ன்னாரு எங்க வீட்டுக்காரரு. “மொத நாளு புல்லு, மறுநாளு பாதி.”

கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன் அக்கா. என் காதுலதான் விழுந்துச்சு. ஆனா மனசுக்குள்ள போகணுமே! சிநேகிதங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு ஒப்பிக்கிறாங்கன்னுதான் தோணுச்சு.

பாய் உப்புத்தாளை வச்சு அந்த எர்த்தைத் தேய் தேய்னு தேச்சு முறுக்கினாரு. முள்ளு கொஞ்சம் ஏறி, கால்வாசியில நின்னுருச்சு. “டேங்குல எவ்வளவு இருக்கு?”ன்னாரு. “முக்காவாசிக்கு மேல இருக்கும், நேத்துத்தான் போட்டேன்”னாரு இவரு. பாய் டேங்கைத் தட்டினாரு. முள்ளு அசையல.

“புளோட்டு எதுலயோ மாட்டியிருக்கு. டேங்கு மேல்மூடியைத் தொறந்து பாக்கணும். இன்னைக்கு வேணுமா?”

“வேணாம் பாய். மத்தியானம் வெங்காய லோடு இருக்கு. இன்னொரு நாளு பாத்துக்குவோம்”னாரு இவரு.

ஆகா, சிக்கிட்டாருடின்னு நெனச்சேன். தொறக்க வேணாம்கிறாரே, அப்ப உள்ள என்னமோ இருக்கு! “இப்பவே தொறங்க பாய். என் கண்ணு முன்னாடி தொறங்க. தொறக்காம வண்டி இங்க இருந்து நகராது”ன்னு குறுக்க போயி நின்னுட்டேன். இவரு ஒரு மாதிரியா என்னைப் பாத்துட்டு, “சரி பாய், அவ ஆசைப்படுறா, தொறந்துருங்க”ன்னாரு.

யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி, நானே கேட்டு வாங்கினேன்.

சின்னச் சின்னதா ஆறு ஸ்குரு. கழட்டி, அந்தத் தட்டை மெதுவாத் தூக்கினாரு. கம்பி வருது, கம்பி நுனியில மிதவை வருது. மிதவையைச் சுத்தி ஈக்குச்சி. குருவிக் கூடு மாதிரி பின்னிக்கிட்டு.

பாய் ஒவ்வொண்ணா உருவி, ஒரு பழைய பேப்பரு மேல வரிசையா வச்சாரு. அப்புறம் கொக்கி விட்டுத் துழாவி இன்னும் எடுத்தாரு. பதினோரு குச்சி. நான் மூணோ நாலோன்னு நெனச்சிருந்தேன். அப்புறம் பில்டரைக் கழட்டினாரு. அது பூரா வெள்ளைச் சேறு, தயிரு மாதிரி.

“நாச்சி, வண்டி இழுக்கலைன்னு சொன்னியே, இதான்யா. டீசலு போற வழியெல்லாம் அடைச்சுக் கெடக்கு. யாரோ வேணும்னே கல்லுமாவை அள்ளிப் போட்டிருக்கான்”னாரு பாய்.

டீ குடிச்சுட்டிருந்த டிரைவரு எட்டிப் பாத்துட்டு ரெண்டடி பின்னால போனாரு. “வெளக்கமாத்துக் குச்சி, வெள்ளை மாவு... அண்ணே, இது செய்வினைண்ணே. ஆகாதவங்க எவனோ வச்சிருக்கான்.”

நான் அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நாக்கு நிக்கல. “ஆமாங்க, செய்வினைதான்! அந்தக் கள்ளிமந்தயத்து டீக்கடைக்காரிதான் வச்சிருப்பா!”ன்னு கத்திட்டேன். பல்லில்லாத அந்தம்மா, வெயில்ல வந்தவளுக்குத் தண்ணி குடுத்த அந்தம்மா மேல பழியைப் போட்டேன் அக்கா. எந்த நாக்கு இது!

எங்க வீட்டுக்காரரு குனிஞ்சு ஒரு குச்சியை எடுத்தாரு. அதுல நகக் கீறல் இருந்துச்சு. இன்னொண்ணை எடுத்தாரு, அதுலயும் கீறல். அப்புறம் பில்டர்ல இருந்த வெள்ளையை விரல்ல தொட்டு, கட்டை விரலால தேச்சு, வெயில்ல காட்டினாரு. மினுமினுன்னு மின்னுச்சு. அது சாதாரண மாவில்ல. வெள்ளைக்கல்லு அரைக்கிற மில்லுப் பக்கம் லோடு போறப்ப, எங்கோலம் தெருவுலயே பளிச்சுன்னு தெரியணும்னு, அவரே ஒவ்வொரு தடவையும் எனக்குப் பையில கட்டிக் கொண்டுவர்ற மாவு.

திட்டுவாருன்னு நெனச்சேன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன்.

“இதுவா?”ன்னாரு. மெதுவா, தனக்குத்தானே கேட்டுக்கிற மாதிரி. “தெனம் காலையில டேங்கு வாயில வெள்ளையா இருக்கும். நீ துன்னூறு பூசி விடுறியாக்கும்னு நெனச்சேன் மணி.”

நான் டேங்கு வாயைப் பாத்தேன், ஓரமெல்லாம் வெள்ளை.

“சித்திரையில அவ்வளவு அழுதியே. நாந்தான் வச்சுக்க மாட்டேன்னுட்டேன், அதான் எனக்குத் தெரியாம நீ வண்டிக்காவது வச்சு விடுறன்னு நெனச்சேன். அதைத் தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டுத்தான் தெனம் சாவியைப் போட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாரு. விரலை வேட்டியில தொடச்சுக்கிட்டாரு. பாய் வேற பக்கம் திரும்பி ஒரு ஸ்பேனரைத் தேடினாரு. தேடின ஸ்பேனரு அவரு கையிலயே இருந்துச்சு.

எந்தக் கோயிலுன்னு கேட்டேனே! உனக்குத் தெரியாததான்னு சிரிச்சாரே! நாலு மாசமா எங்கோலமாவை நெத்தியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் போயிருக்காரு, எம் பொண்டாட்டி பூசிவிட்டதுன்னு. நான் அதே நெத்தியைப் பாத்து, எவ பூசிவிட்டதுன்னு பொருமிக்கிட்டு சோறு போட்டிருக்கேன். பாவி, பாவி. இல்ல, நான் அழல அக்கா, காத்து அடிக்குது. இருங்க, கண்ணாடியைக் கொஞ்சம் மூடிக்கிறேன்.

பாய் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, மிதவையைத் தொடச்சுப் போட்டு, பில்டரும் மாத்திக் குடுத்தாரு. திரும்பி வர்றப்ப முள்ளு முக்காவாசியில கம்முன்னு நின்னுச்சு. அதைத் தவிர பாக்க எனக்கு எதுவும் இல்ல, அதைப் பாக்கவும் முடியல. அவரு பள்ளம் வந்தா மட்டும், “புடிச்சுக்க”ன்னாரு.

அப்புறமும் சண்டை போடல. வீட்டுக்குக் காய் கொண்டு வர்றாரு, சோறு திங்கிறாரு, பல்லு வலி எப்படி இருக்குன்னுகூடக் கேட்டாரு. மாவு தீந்து போச்சுன்னு சொன்னேன், மறுநாளே கொண்டுவந்து வச்சாரு. எதுலயும் கொறை சொல்ல முடியாது.

உத்தரத்துல செருகியிருந்த குச்சியெல்லாம் எடுத்து அடுப்புல போட்டுட்டேன். மறுநாளு காலையில கை காலு கழுவி, சாமி மாடத்துல இருந்து நெசமான துன்னூறை எடுத்துட்டுப் போயி டேங்கு மூடியில பட்டையாப் பூசி வச்சேன். கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். இது சந்தேகமில்ல அக்கா, ஆசை. வந்தாரு. மூடியைப் பாத்தாரு. அப்புறம் சீட்டுக்கு அடியில இருந்து ஒரு துணியை எடுத்து, மூடியைச் சுத்தமாத் தொடச்சாரு. ஓரத்துல ஒட்டியிருந்ததையும் விரலை விட்டுத் தொடச்சாரு. தொடச்சுட்டு ஏறிப் போயிட்டாரு.

கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நான் பூசுறேன், அவரு தொடைக்கிறாரு. ஒரு நாளு தவறல. கோவமா ஒரு பார்வை பாத்தாருன்னாக்கூட தேவலை, அதுவும் இல்ல. தொடைக்கிற துணி மஞ்சக் கலரு, புதுசு. அது எங்க இருந்து வந்துச்சுன்னு... சரி, விடுங்க. கேக்க மாட்டேன். எதையும் கேக்க மாட்டேன்னு மலைக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்.

அந்தத் தாராபுரம் ரோடு நீங்க பாத்திருக்கீங்களா? லாரி எப்படி வரும் தெரியுமா? அந்த ரோட்டுல தெனமும் வெறும் நெத்தியோட போறாரு அக்கா.

கோயிலு தெரியுதா? ஆமா, மலைதான், வந்துருச்சு. நான் துன்னூறு வாங்கத்தான் போறேன். கோயில்லயே விக்கிற பாக்கெட்டு, மேல சாமி படம் போட்டு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்காம அப்படியே அவரு கையில குடுக்கலாம்னு இருக்கேன். அவரே பிரிக்கட்டும், மோந்து பாக்கட்டும், வெயில்ல வச்சு மின்னுதான்னு பாக்கட்டும். என் கை படாம இருந்தா, துன்னூறுதான்னு நம்புவாருல்ல?